நோயலிடமிருந்து மெயில்

பங்குச் சாமியார் "மேலே வாங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். நான் மேலே போனேன். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்த கையோடு. கோப்பை காலியாவதற்குள் கோயில் மெயில் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்.

"நீங்க ஐ.டி.லதானே இருக்கீங்க, குளோரியா? ஸ்வல்ப பார்த்துக் குடுங்க. நோயல் அங்கிள் போனதிலேர்ந்து அது ஓடவே இல்ல," என்றார் ஃபாதர் ரோஹன். மங்களூர்க்காரர், 'கொஞ்சம்' என்பதற்குக் கன்னடத்தில் 'ஸ்வல்ப' என்பார். மே மாதம்தான் எங்கள் பங்குக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தெரியும் என்று காக்ஸ் டவுன் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் தெருவில் மிக்ஸி நின்றுபோனால்கூட என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் இந்த வேலையை மறுக்க முடியவில்லை. நவம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் எங்களுக்கு மரித்தோர் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும், இறந்தவர்களின் பேர்களைச் சாமியார் மைக்கில் படிப்பார். அப்புறம் மாதம் முழுக்கத் தினமும் பூசையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பார்கள். ஆனால் செத்துப்போனதாலேயே ஒருவர் பேர் அதில் வந்துவிடாது. உயிரோடு இருக்கிற யாராவது கொடுக்க வேண்டும். மகன், மகள், தம்பி, இல்லை பக்கத்து வீட்டுக்காரர். கொடுப்பதற்கு ஆளே இல்லாதவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு வரி வரும்: "யாரும் நினையாத ஆன்மாக்களுக்காகவும்."

அந்த வரி வரும்போதெல்லாம் நோயல் அங்கிள் முகத்தைச் சுளிப்பார். "நினைக்க ஆளில்லன்றத மைக்குல வேற சொல்லணுமா?" என்று வெளியே வந்து என்னிடம் முணுமுணுப்பார்.

பங்கில் பாதிப் பேரின் பிள்ளைகள் டொராண்டோ, மெல்போர்ன், துபாய் என்று போய்விட்டார்கள். அவர்கள் பேர் அனுப்புவதற்காகத்தான் நோயல் அங்கிள் கோயிலுக்கு ஒரு மெயில் முகவரி ஏற்படுத்தினார். ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் பிரேசர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்து, கல்லூரிப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். கோயில் வாசலில் என்னைக் கண்டால் முதல் கேள்வி "சாப்ட்டியா?" என்பதுதான். சாப்பிட்டேன் அங்கிள் என்பேன். பெரும்பாலும் பொய். அடுத்த கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றி இருக்கும். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் வந்ததும் உண்டு. ஜூன் மாதம் ஒரு காலையில், பூசைக்குக் கிளம்பி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவர் மனைவி பெர்னதெத், எங்களுக்கெல்லாம் பெர்னி ஆன்ட்டி. பிள்ளைகள் கிடையாது. எனக்கும் அம்மா அப்பா போய்விட்டார்கள், கல்யாணம் ஆகவில்லை, நாற்பத்தேழு வயதுக்கு மேல் ஆகப்போவதும் இல்லை. வீடும் பின்தெருவில்தான். அதனால் ஆன்ட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என் வேலையாகிவிட்டது. அவர் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வந்தது. மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஒருநாள் மாடிப்படியிலேயே எல்லாம் நின்றுபோகும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு அடுத்து வரும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

"அவரோட மொத கல்லறத் திருநாள். அதுக்குப் போயிட்டு வந்துர்றேன், அப்புறம் எப்டி வேணா அறுத்துக்கங்க," என்று ஆன்ட்டி டாக்டரிடமே சொன்னார்.

நோயல் அங்கிளின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பழைய வீட்டின் வயரிங்கைப் போல எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். மெயிலை அனுப்பவும் வாங்கவும் நாம் ஒன்றும் மெனக்கெட வேண்டியதில்லை. யாரோ புண்ணியவான்கள் எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுத்திருக்கும் நிரல் தொகுப்பு இருக்கிறது, லைப்ரரி என்போம். எந்த சர்வர், என்ன பாஸ்வேர்ட், எந்த ஃபோல்டரில் மெயிலைத் தேட வேண்டும், பதில் யார் பேரில் போக வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால் போதும். வீட்டு வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரிதான். காட்டாத அறைக்குள் அது போகாது. எல்லா அறைக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டால் எல்லா அறைக்கும் போகும்.

மெயிலின் தலைப்பில் இறந்தவர் பேர் மட்டும் இருக்க வேண்டும் என்று வைத்தேன். கோயில் அறிவிப்புப் பலகையிலும் அதை எழுதிப் போட்டேன். புரோகிராம் படிக்காத மெயில்களை எடுத்து, தலைப்பில் உள்ள பேரை வரிசையில் சேர்க்கும். ஒவ்வொரு பூசைக்கும் இத்தனை பேர் என்று பிரித்துச் சாமியாரின் பிரிண்டருக்கு அனுப்பும். பேர் படித்து முடிந்ததும், கொடுத்தவருக்கு ஒரு பதில் போகும்: "நீங்கள் கேட்ட ஆன்மாவுக்காக இன்று பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது."

ஃபாதருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. போன வருஷம் டொராண்டோவிலிருந்து ஓர் அம்மாள் அனுப்பிய மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் போய் விழுந்து, அவர் கணவர் பேர் படிக்கப்படாமலே போய்விட்டதாம். போன் போட்டு அழுதாராம். "இந்தத் தடவ ஒண்ணும் மிஸ் ஆகக் கூடாது, ஆய்த்தா?" என்றார்.

ஆயிற்று என்றேன். ஃபோல்டர் பேர் எழுத வேண்டிய வரியில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டேன். எல்லா ஃபோல்டரிலும் தேடு என்று அதற்கு அர்த்தம். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துப் பேர் எழுத எனக்குப் பொறுமை இல்லை என்பதும் உண்மை. நட்சத்திரம் போட்டால் வேலை சுலபம்.

கல்லறைத் திருநாளன்று மாலையில் தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, சாமந்தி, ஈர மண் வாசனை. அவரவர் சமாதிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நோயல் அங்கிளின் கல் புதிது, கருப்பு கிரானைட். அவர் பேருக்குக் கீழே ஒரு பேர் எழுதும் அளவுக்கு இடம் விட்டுப் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார்கள். அது ஆன்ட்டிக்கான இடம். அவர் அதற்கு நேராக உட்கார்ந்திருந்தார், நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஃபாதர் ரோஹன் பேர்களைப் படிக்க ஆரம்பித்தார். தங்கள் வீட்டுப் பேர் வரும்போது ஜனங்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நோயல் அங்கிள் பேர் நடுவில் வந்தது. ஆன்ட்டி கண்ணை மூடித் திறந்தார். பட்டியல் முடியப்போகிற நேரத்தில் ஃபாதர் அதே குரலில் படித்தார்: "பெர்னதெத் மேரி நோயல்." அடுத்து, "யாரும் நினையாத ஆன்மாக்களுக்காகவும்."

ஃபாதருக்குத் தெரிந்தது பெர்னி ஆன்ட்டி என்ற பேர்தான். முழுப் பேர் அவருக்குத் தெரியாது. ஆனால் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின. ஒரு கிழவி ஆன்ட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என் பேருதானே?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"வேற யாராவது இருக்கும், ஆன்ட்டி."

"நோயலோட பெர்னதெத் மேரி வேற யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லில் விட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து அன்றைய பூசைக்கான வரிசையைத் திறந்தேன். கடைசியில் அந்தப் பேர் இருந்தது. பக்கத்தில் அனுப்பியவரின் முகவரி. நோயல் அங்கிளின் முகவரி. சேர்க்கப்பட்ட நேரம், அன்று காலை.

போனிலேயே கோயில் இன்பாக்ஸில் தேடினேன். அப்படி ஒரு மெயிலே அங்கே இல்லை. யார் வேலை என்று தெரியாமல், முதல் காரியமாகப் புரோகிராமை நிறுத்தினேன். போனையே பார்த்ததில் குடை சரிந்துவிட்டது. ஆன்ட்டி ஒரு கையால் அதைப் பிடித்து நேராக்கினார்.

மறுநாள் ஆபீஸ் போனேன், ஆனால் வேலை ஓடவில்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. யாரோ அங்கிளின் கணக்கைத் திருடிவிட்டார்கள், யாரோ விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. கோயில் முகவரிக்குப் புது மெயில். அனுப்பியவர், நோயல்.

கோயில் அனுப்பிய பதிலுக்கு அவர் பதில் எழுதியிருந்தார். "நீங்கள் கேட்ட ஆன்மாவுக்காக இன்று பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது" என்ற வரிக்கு மேலே ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

"எப்போ?"

நல்ல வெயில். சுற்றிலும் நூறு பேர் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டு மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன மனுஷர் தன் பெண்டாட்டி எப்போது வருவாள் என்று என்னிடம் கேட்கிறார். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் அது மறுபடி அதிர்ந்தது, அதை நிமிர்த்தவே பயமாக இருந்தது.

ஃபாதர் ரோஹன்தான் கூப்பிட்டார்.

"குளோரியா, ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் போய்ப் பேசினேன். நோயல் என்னைக் கூப்பிட்டுட்டார் ஃபாதர், போறதுதான் போறேன், அறுபடாம முழுசாப் போறேன் அப்டின்றாங்க." அவர் குரல் உடைந்திருந்தது. "படிச்சது நான். என் வாயாலதான் படிச்சேன்."

"படிக்க வச்சது என் புரோகிராம், ஃபாதர். நான் போறேன்."

தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மாரத்தஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் வருகிற வரைக்கும் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வியாழக்கிழமைக்குள் அவர் மனதை மாற்றவில்லை என்றால், அடுத்த நவம்பரில் அந்தப் பேர் சரியாகவே படிக்கப்படும்.

கதவு திறந்தே இருந்தது. கட்டிலின் மேல் அவருடைய கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வைத்திருந்தார், பக்கத்தில் ஜெபமாலை. அடுப்படியில் எதுவும் சமைத்த மாதிரி தெரியவில்லை. ஆன்ட்டி சாப்பாட்டு மேஜையில் நோயல் அங்கிளின் டேப்லெட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப் பெட்டியில வைக்கறப்போ அந்தச் சேலதான், மா. ப்ளவுஸ் பிடிக்காது, பின்னாடி பிரிச்சு விட்டுக்கங்க," என்றார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

"ஆன்ட்டி, சும்மா இருங்க. யாரோ திருட்டுப்பய அங்கிளோட மெயில்ல பூந்திருக்கான். இன்னிக்கு மத்தியானம்கூட ஒரு மெயில் வந்திச்சு."

"எப்போன்னு கேட்டுத்தானே?"

"அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அது நான்தான் போட்டேன்," என்றார். "அவர் போனதிலேர்ந்து இத நான்தான் தொறக்கறேன். அவருக்கு வர்றதெல்லாம் படிப்பேன். பேங்க்கு, கரன்ட் பில், என்னென்னமோ. பேரப் படிச்சாச்சுன்னு அவருக்கு வந்திருந்தத நேத்து ராத்திரி பார்த்தேன். அதுக்குப் பதில் போட்டா அவருக்குப் போய்ச் சேரும்னு நெனச்சேன். கூப்பிட்டீங்க, சரி. எப்போன்னு சொல்லிட்டா வீட்டக் கூட்டி வச்சிட்டு வருவேன் இல்ல?"

பயம் போய்விட்டது. அதற்குப் பதில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. "எப்போ" கேட்டது ஆன்ட்டி என்றால், முதல் மெயிலைப் போட்டது யார்?

"அவர்தான்," என்றார் ஆன்ட்டி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். எனக்கு ஒரு நல்ல குணம் உண்டு, குழம்பினால் வேலையில் இறங்கிவிடுவேன். லைப்ரரிக்கு நான் எழுதிக் கொடுத்த கோப்பைத் திறந்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். சர்வர் சரி. பாஸ்வேர்ட் சரி. ஃபோல்டர் என்ற வரியில் என் நட்சத்திரம் இருந்தது.

எல்லா அறைக்கும் போ என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று நான் பார்க்கவே இல்லை.

கோயிலின் மெயில் பெட்டியை முழுசாகத் திறந்தேன். போனில் இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும், இங்கே இடது ஓரத்தில் எல்லா ஃபோல்டரும் வரிசையாக இருந்தன. இன்பாக்ஸ், ஸ்பாம், அனுப்பியவை. எல்லாவற்றுக்கும் அடியில், நோயல் அங்கிள் தமிழில் பேர் வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. "பிறகு."

உள்ளே முழுக்க மெயில்கள். எல்லாம் நோயல் அங்கிள் தன் முகவரியிலிருந்து கோயிலுக்கு அனுப்பி, அந்த ஃபோல்டரில் ஒதுக்கி வைத்தவை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பேர். முதல் மெயில் போன வருஷம் ஜனவரியில் எழுதியது. தலைப்பு, பெர்னதெத் மேரி நோயல். என் புரோகிராம் தலைப்பை மட்டும் படித்திருந்தது. நான் மெயிலைத் திறந்தேன். லேப்டாப்பை ஆன்ட்டி பக்கம் திருப்பினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார்.

"பங்குத்தந்தை அவர்களுக்கு. என் மனைவியின் ஆன்மாவுக்காக. இப்போது வேண்டாம். நேரம் வரும்போது இதை இன்பாக்ஸுக்கு நகர்த்தவும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் முந்திக்கொண்டால் இவள் பேரைக் கொடுக்க ஆள் இருக்காது. அந்தக் கடைசி வரியில் இவளைச் சேர்த்துவிடக் கூடாது. நோயல்."

"கூப்பிடல, ஆன்ட்டி," என்றேன். "இப்போ வேண்டாம்னுதான் எழுதியிருக்கார். உள்ள பார்க்காமப் படிச்சது என் தப்பு."

ஆன்ட்டி இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கோபமாக, "என் கிட்ட ஒரு வார்த்த சொல்லல, பாரு," என்றார். "மெஷின் கிட்டச் சொல்லியிருக்கார்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் யாரு?"

கீழே நகர்த்தினேன். கோயில் மணி அடிக்கும் க்ளென். ஸ்கூலிலிருந்து ஓய்வு பெற்று ஒற்றை அறையில் இருக்கும் பிரிஸில்லா டீச்சர். பிள்ளைகள் திரும்பிப் பார்க்காத ஒருவர், பிள்ளையே இல்லாத ஒருவர். எல்லாரும் நேற்றுவரை என்னோடு கோயிலில் முழங்கால் போட்டவர்கள், எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். புரோகிராமை நிறுத்தியிருக்காவிட்டால் இன்று காலை க்ளென் தானே மணியடித்துத் தன் பேரைக் கேட்டிருப்பான்.

"இன்னும் கீழ இருக்குது," என்றார் ஆன்ட்டி.

கடைசி மெயிலின் தலைப்பு, குளோரியா அந்தோணி.

என் பேரை இறந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் பார்த்தேன். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது கோபம்தான். நான் என்ன அநாதையா? சம்பாதிக்கிறேன், சொந்த வீடு இருக்கிறது, யாருக்கும் பாரமில்லை. இந்த மனுஷர் யார் என்னை இந்த வரிசையில் சேர்க்க? ஆனால் என் பேரை யார் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பேரும் வரவில்லை. பயம் அப்போதுதான் வந்தது. அது பேய்ப் பயம் இல்லை.

ஆன்ட்டியே கையை நீட்டி அதைத் திறந்தார். வாய்விட்டுப் படித்தார்.

"நம்ம அந்தோணி மகள். தனியாக இருக்கிறாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள். இப்போது வேண்டாம். ரொம்பப் பிறகு. நோயல்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். குடித்தது போதாமல் முகத்தையும் கழுவினேன். திரும்பி வந்தபோது ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இத யாரு பார்த்துக்கறது?" என்று கேட்டார். "அவங்கவங்க போறப்போ இங்கேர்ந்து எடுத்து அங்க போடணும். அதுக்குத்தான் அவர் இருந்தார்."

"நான் பார்த்துக்கறேன், ஆன்ட்டி."

"என்னோடத நீ எடுத்துப் போடுவ. சரி. உன்னோடத?"

நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அதுக்கு நான் இருக்கணும் இல்ல?" என்றார்.

"உங்களுக்கு என்ன விட இருபது வயசு ஜாஸ்தி."

"அது உன் கணக்கு," என்றார் ஆன்ட்டி. "எப்டி நகத்தறதுன்னு காட்டு."

காட்டினேன். டேப்லெட்டில் கோயில் மெயில் பெட்டியைச் சேர்த்துக் கொடுத்து, விரலால் அழுத்திப் பிடித்து ஒரு மெயிலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதைச் சொல்லிக் கொடுத்தேன். பரிசோதனைக்கு அங்கிளுக்கு வந்த கரன்ட் பில்லை நகர்த்திப் பழகினார், வேறு எதையும் தொடவிடவில்லை. நான் கோப்பில் நட்சத்திரத்தை அழித்துவிட்டு இன்பாக்ஸ், ஸ்பாம் என்று இரண்டு பேரை மட்டும் எழுதினேன். இன்பாக்ஸுக்கு நகரும் நாளில் புரோகிராம் எடுக்க வேண்டுமே என்று, "பிறகு"வில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படிக்காத மெயிலாக மாற்றினேன். என் பேர் மறுபடி தடித்த எழுத்துக்கு மாறியது.

கிளம்பும்போது ஆன்ட்டி பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழம காலேல எத்தன மணிக்கு வர்ற?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லு. என்னத் திட்டுவாங்க, நீயே பேசு."

வியாழக்கிழமை அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பையில் டேப்லெட்டும் சார்ஜரும் இருக்கிறதா என்று கதவு மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்தது, ஐ.சி.யூ.வில் இருக்கிறார், பார்க்க முடியாது என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்து நான் கேட்டபோது, இரவில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, டாக்டர் வந்து பேசுவார் என்றார்கள். டாக்டர் வரவில்லை. உள்ளே விடவும் இல்லை. ஃபாதர் ரோஹன் கோயிலில் எல்லாரையும் ஜெபமாலை சொல்ல வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சலித்து, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். யாராவது போன் பண்ணுவார்கள் என்று நினைத்தேன். பண்ணக் கூடாது என்றும் நினைத்தேன்.

மத்தியானம் கேன்டீனுக்குப் போகாமல் சீட்டிலேயே இருந்தேன். போன் அதிர்ந்தது. கோயில் முகவரிக்கு இல்லை, எனக்கே ஒரு மெயில். அனுப்பியவர், நோயல். தலைப்பு, குளோரியா அந்தோணி.

இறந்தவர் பேரைத் தலைப்பில் எழுதுங்கள் என்று பலகையில் எழுதிப் போட்டது நான்தான். அங்கிளின் டேப்லெட் ஆஸ்பத்திரியில் ஆன்ட்டியின் பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஆன்ட்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கிளோடு உட்கார்ந்து அடுத்த பேரை அனுப்புகிறார்கள் என்றுதான் தோன்றியது. தலைப்பைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அப்புறம், உள்ளே பார்க்காமல் விட்டது ஒருமுறை போதும் என்று திறந்தேன்.

"இப்போ வேண்டாம். வார்டுக்கு மாத்திட்டாங்க. வால்வு நல்லா அடிக்குதாம். நர்சு டைப் பண்ண விட மாட்டேங்குது. நீ சாப்ட்டியா?"

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோயல் அங்கிளின் முகவரிக்குப் பதில் எழுதினேன்.

இன்னும் இல்லை, ஆன்ட்டி.